அட்டிலிற் பிறக்கும் நகை

சமையற்காரரைத் தலைமக்களாகக் கொண்டு, அவர்தம் போட்டியைப் பொருளாக்கி, நகைச்சுவை ததும்ப எடுக்கப்பெற்ற திரைப்படம் தமிழில் உண்டா என்னும் வினா, திரைப்படக் கலையை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவரிடையே அவ்வப்போது எழுகின்றது. ஆங்காங்கிலும் அமெரிக்காவிலும் இவ்வகைப் படங்கள் பெருகியிருக்க, உணவைப் பற்றி இத்துணைப் பேசும் நம்மிடையே அவ்வகை ஏன் வேரூன்றவில்லை என்பர். விடை கூறுவோர் பெரும்பாலும் நம் படத்துறையினரின் முயற்சிக் குறைவையே காரணமாகக் காட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சமையல் பற்றிய நகைச்சுவை தமிழில் பழமையானது, வளமும் உடையது. ஆயின் அதன் அமைப்பு வேறு. அதில் சமைப்பவனுக்கு எதிர்நிற்பவன் மற்றொரு சமையற்காரன் அல்லன், உண்பவனே. போட்டி அடுப்புக்கும் அடுப்புக்கும் இடையே நிகழ்வதன்று. பானைக்கும் இலைக்கும் இடையே நிகழ்வது. இக்கருத்தை நிறுவுதற்குத் திரையரங்கிலிருந்து தொடங்குவதினும் திருப்பரங்குன்றத்திலிருந்து தொடங்குதல் நலம்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்திற்காகத் திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வயானையுடன் மதுரைக்கு எழுந்தருள்கின்றான். தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கும் முறையினராகிய பவளக்கனிவாய்ப் பெருமாளும் உடன் செல்கின்றார். குன்றத்திற்கும் கூடலுக்கும் இடையிலுள்ள சில கல் தொலைவும் அன்று கல்யாண வீட்டு வாயிலாக மாறிவிடுகின்றது. இக்கல்யாணத்தின் விருந்தைப் பற்றியே பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலம் அமைத்தார். குண்டோதரனுக்கு அன்னமிட்ட படலம் என்பது அதன் பெயர்.

கதை யாவரும் அறிந்தது. விருந்தினர் அனைவரும் உண்ட பின்னரும் சோறும் கறியும் மலைபோற் குவிந்து கிடப்பதைத் தடாதகைப் பிராட்டியார் சிறிது பெருமிதத்தோடு இறைவனுக்கு எடுத்துரைக்கின்றார். இறைவனோ குறட்பூதம் ஒன்றனைக் காட்டி, இவனுக்குச் சிறிது சோறிடுக என்கின்றான். குண்டோதரன் உட்காருகின்றான். குவியல் தீர்கின்றது, பசி தீரவில்லை. அடுத்த படலத்தில் தயிரன்னம் பொங்கும் குழிகள் தோன்றுகின்றன. அவற்றை உண்டவனுக்கு நீர்வேட்கை மிக, வையை பிறக்கின்றது. பெருமித உரையொன்றில் தொடங்கிய கதை ஆறு ஒன்று தோன்றுவதில் முடிகின்றது. சமய நோக்கில் இதற்குக் கூறப்படும் பொருள் எதுவாயினும் ஆகுக. கதையின் எலும்பமைப்பு நகைச்சுவை அமைப்பே. தருக்கு, சோதனை, மிகை, நாணம், அருள் என்னும் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏற்றிச் செல்லும் இத்திறன், இன்று திரைக்கதை எழுதுவாரும் பயிலத்தக்கது. இங்கே நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. உண்பவன் ஒருவன் இருக்கின்றான். அவன் போதும் என்று சொல்லவேண்டும். அவன் சொல்ல மறுக்கின்றான். நகை முழுவதும் அம்மறுப்பிலே இருக்கின்றது.

திருப்பரங்குன்றத்திலேயே இதற்கு எதிரிணையாக மற்றொரு பூதமும் உண்டு. நக்கீரரைக் குகையில் அடைத்துவைத்த கற்கிமுகி, ஆயிரவர் சேர்ந்தாலன்றி உண்ணேன் என்று, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மரைச் சிறையிட்டுக் காத்திருந்ததாகத் தலபுராண மரபு கூறும். பந்திக்கு ஆள் நிரம்பட்டும் என்று காத்திருக்கும் பூதம்! குண்டோதரன் அளவறியாதவன்; கற்கிமுகியோ அளவு தவறாதவன். எனினும் பின்னையவன் கதை அச்சமாயிற்று, முன்னையவன் கதை நகையாயிற்று. காரணம் வெளிப்படை: முன்னையதில் உண்ணப்படுவது சோறு.

குண்டோதரன் அமைப்பு திரைக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த உடல் எஸ். வி. ரங்காராவுடையது. கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1957-ஆம் ஆண்டு தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த மாயாபஜார் என்னும் படத்தில், திருமணத்திற்கென ஆக்கிவைக்கப்பட்ட பண்டங்களைக் கடோற்கசன் தனியொருவனாக உண்டு தீர்க்கும் காட்சி இன்றளவும் மக்கள் நினைவில் நிற்கின்றது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் திறத்தால் இலட்டுகள் தாமே எழுந்து வாய் புகுகின்றன. இப்புதுமையையே பலரும் பாராட்டுவர். நமக்கு அதனினும் சிறப்பாகத் தோன்றுவது ரங்காராவின் நிதானம். அவர் அள்ளி விழுங்குவதில்லை. பார்க்கின்றார், வியக்கின்றார், பண்டங்களைப் பெயர் சொல்லி வரவேற்கின்றார், பின்னரே உண்கின்றார். சமைத்தவனைக் காட்டாமலே சமையலைப் போற்றும் காட்சி இது. கல்யாண விருந்தொன்று ஒரே வயிற்றுக்குள் மறைவது என்ற கருவால் இக்கடோற்கசன் மதுரைக் குண்டோதரனுக்கு நெருங்கிய உறவினன்.

மேற்செல்லுமுன் இலக்கணம் ஒன்றனை நினைவு கூர்தல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. பேதைமை அறியாமை. மடனோ, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு பற்றியதை விடாமை என உரைமரபு விளக்கும். பேதை விதியை அறியாதவன். மடனுடையோன் விதியை அறிந்து, காலமும் இடமும் நோக்காமல் அதனையே பிடித்து நிற்பவன். சமையற்காரனைப் பற்றிய நகை பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையே என்பது நம் துணிபு. ஈண்டுச் சொல்லொன்றும் நம்மோடு விளையாடுகின்றது. மடை என்பது சமையலும் படையலும் ஆம். மடைப்பள்ளி, மடைநூல் என்பன அதன்வழி வந்தவை. மடையன் என்பது சமையற்காரனுக்குப் பழம்பெயர். அறிவிலியைச் சுட்டும் மடையனோ மடம் என்பதனடியாகப் பிறந்தது. வேர் இரண்டு, ஒலி ஒன்று. வேர் வேறாயினும், அடுப்படியில் நிற்பவனை வழக்கு எளிதில் எள்ளிவிட்டது என்பதற்கு இவ்வொலி ஒற்றுமையும் துணை நின்றிருக்கலாம். இன்று சமையற்காரனை அப்பெயரிட்டு அழைக்க எவரும் துணியார்.

இனி நம் ஆய்வின் நடுப்பொருளாகிய படத்திற்கு வருவோம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் உரையாடல் எழுதி, 1990-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த மைக்கேல் மதன காமராஜன், ஒரே சூலிற் பிறந்து பிரிந்த நால்வர் கதை. நால்வராகவும் கமல்ஹாசனே நடித்தார். அவருள் காமேஸ்வரன் பாலக்காட்டு மணி ஐயர் என்னும் சமையற்காரரால் வளர்க்கப்பட்டுக் கல்யாணச் சமையலில் ஈடுபட்டவன். மணி ஐயராக டெல்லி கணேஷ் நடித்தார். படத்தில் இவன் பகுதி நாலில் ஒன்றே. ஆயினும் சமையல் தொழிலின் உள்ளம் இத்துணை நுட்பமாகத் தமிழ்த்திரையில் வேறெங்கும் நகைப்பொருளாயிற்றில்லை எனல் மிகையாகாது.

சைவக் கல்யாண விருந்துக்கு வைத்த சாம்பாரில் மீன் ஒன்று விழுந்துவிடுகின்றது. இதுவே காட்சியின் முழுச் சரக்கு. இதனைக் கொண்டு ஆசிரியர் கட்டும் கட்டடத்தை நோக்குக. சமையற்காரன் அஞ்சுவது யாரை? தன்னினும் வல்ல சமையற்காரனை அன்று. வரிசையாக இலைமுன் அமர்ந்திருப்போரை. தமிழகத்துக் கல்யாண வீட்டில் மிகக் கொடிய தீர்ப்பு ஒன்று உண்டு: பந்தியில் அமர்ந்தோர் இலையை விட்டு எழுந்துவிடுதல். அதற்கு மேல்முறையீடு இல்லை. அத்தீர்ப்பு எந்நொடியும் வரலாம் என்னும் நிலையில், வளர்த்த தந்தையும் மகனும் தம் நடுக்கத்தை மறைத்துத் தொழில் முகத்தோடு நிற்க முயலும் அந்த முயற்சியே நம்மைச் சிரிக்கவைக்கின்றது. காமேஸ்வரன் அறிவிலி அல்லன். கைத்தொழிலில் தேர்ந்தவன். தூய்மை, வரிசை, பணிவு எனத் தனக்குக் கற்பிக்கப்பட்டவற்றை உலகமே கவிழ்ந்தாலும் விடாதவன். மீனுக்கும் அவனுக்கும் இடையே நிகழ்வது மடனுக்கும் தற்செயலுக்கும் இடையே நிகழும் போர். கமல்ஹாசன் இதனை உணர்ந்தே குரலைத் தாழ்த்தியும் தோளை ஒடுக்கியும் நடித்தார். எஸ். என். லட்சுமி நடித்த, கைக்கு எட்டியதைக் கவரும் பழக்கமுடைய பாட்டியும் இவ்வமைப்புக்குத் துணையாகின்றார். கல்யாண வீட்டுப் பண்டங்களுக்குப் பசி மட்டுமன்று, வேறு பகைகளும் உண்டல்லவா!

குறைகளும் கூறவேண்டும். காமேஸ்வரனின் பாலக்காட்டு வழக்கைக் கொண்டு எழுப்பப்படும் சிரிப்பில் ஒரு பகுதி வெறும் எள்ளல். வட்டார மொழியை நகைப்பொருளாக்குவது எளிது. எளிதாகையாலேயே நம் மேடையும் திரையும் அதனை அளவின்றிக் கையாண்டு தேய்த்துவிட்டன. மேலும், மீன் சாம்பாரில் விழுவதால் தீட்டு நேர்கின்றது என்னும் எண்ணத்தை இப்படம் பயன்படுத்திக்கொள்கின்றது; அவ்வெண்ணத்தை வினவுவதும் இல்லை, உடன்படுவதும் இல்லை. நகைச்சுவைக்கு வினவும் கடமை இல்லை என்று சிலர் கூறலாம். கடமை இல்லைதான். ஆனால் வாய்ப்பு இருந்தது, அது நழுவிற்று. பிற்பாதியில் காமேஸ்வரன் செல்வனாகிய மதனாக வேடமிட நேர்ந்தபின் கரண்டி அவன் கையை விட்டே போய்விடுவதும் நமக்கு ஏமாற்றமே.

எனினும் அவ்வேடத்தில் நுட்பம் ஒன்று புதைந்துள்ளது. நம் பழங்கதைகளில் வேந்தர் சமையற்காரராக மறைந்து வாழ்வர். வீமன் விராடன் அட்டிலிற் புகுந்தான். நளன் வாகுகனாகி மடைத்தொழில் புரிந்தான். வீமனுக்குச் சமையல்நூல் ஒன்றே உரியதெனச் சிறுபாணாற்றுப்படை குறிப்பால் உணர்த்தும். இம்மரபு எளிதில் அழியவில்லை. இந்தியில் இருஷிகேஷ் முகர்ஜி 1972-இல் எடுத்த பாவர்ச்சி என்னும் படத்தில், குடும்பப் பூசல்களைத் தீர்க்கும் சமையற்காரன் உண்மையில் ஒரு பேராசிரியன் என்று முடிவில் தெரிகின்றது. சமையற்காரன் உயர்ந்தவனாயின் அவன் சமையற்காரனாக இருத்தலாகாது என்பதுபோல் இக்கதைகள் பேசுகின்றன. மைக்கேல் மதன காமராஜன் இதனைத் தலைகீழாக்கிற்று. இங்கே சமையற்காரன் செல்வனாக நடிக்கின்றான்; அவ்வுயர்வு அவனுக்கு ஒட்டவில்லை. அவன் மெய்யுரு சமையற்காரனே. மதனின் மெய்க்காவலனாக அப்படத்தில் வருபவர், தொலைக்காட்சி மகாபாரதத்தில் வீமனாக நடித்த பிரவீண்குமார். இது வெறும் தற்செயலோ, உரையாடலாசிரியரின் குறும்போ, நாம் அறுதியிடற்கில்லை. சமையற்காரனாக மறைந்த வீமன், வேடமிட்ட சமையற்காரனுக்குக் காவல் நிற்பது கண்டு மகிழ்ந்து அமைவோம்.

நளன் கதையில் நாம் மறத்தலாகாத இடம் மற்றொன்று. வாகுகன் சமைத்ததைச் சுவைத்துப் பார்த்தே தமயந்தி இவன் நளன் எனத் தெளிகின்றாள். சுவைத்துத் தீர்ப்பளிக்கும் நடுவரை நம் மரபிலே தேடுவார்க்கு இவளே கிடைப்பாள். ஆயின் அவள் மதிப்பிடுவது சமையலை அன்று. அடையாளம் காண்பது ஆளை.

இனிப் போட்டி என்னும் பொருளுக்கு வருவோம். போட்டிக்குரிய மெய்ப்பாடு நகையன்று, பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன பெருமிதத்தின் நிலைக்களன்கள். சமையற்போட்டிப் படம் எதுவாயினும் இவற்றுள் முதல் மூன்றின்மீதே நடக்கும்: தலைவன் தொழில் கற்கின்றான், அஞ்சாது களம் புகுகின்றான், புகழ் பெறுகின்றான். இதனிடையே நகைக்கு இடம் எங்கே? தொலைக்காட்சியில் 2019-இல் தொடங்கப்பட்ட குக்கு வித் கோமாளி என்னும் நிகழ்ச்சி இவ்வினாவிற்குச் செயலளவிலே விடை கண்டது. போட்டியிடுவோர் ஒவ்வொருவர்க்கும் சமையல் அறியாத கோமாளி ஒருவரைத் துணையாக்கிற்று. போட்டி தன்னளவிற் சிரிப்பைத் தராது. சிரிப்பை வெளியிலிருந்து ஆள் வைத்துக் கொணரவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்த பணியே இது.

பிறநாட்டார் இவ்விடரை வேறு வழியிற் கடந்தனர். ஸ்டீபன் சௌ நடித்து 1996-இல் ஆங்காங்கில் வந்த சமையற்கடவுள் என்னும் பொருள்படும் பெயர்கொண்ட படம் இவ்வகையில் தலைசிறந்த களியாட்டம். செருக்கால் வீழ்ந்த சமையல் வித்தகன் ஒருவன் மீண்டும் போட்டிக்கு எழுகின்றான். குட்டிக்கரணமும் மாயமும் நிறைந்த அப்போட்டியில் அவன் முடிவாக வைப்பது வாட்டிய இறைச்சியும் முட்டையும் இட்ட சோறு ஒரு கிண்ணம். அவன் வீழ்ந்து கிடந்த நாளில் தெருவோரப் பெண்ணொருத்தி இட்ட சோற்றின் நினைவு அது. 2007-இல் வெளிவந்த ராட்டட்டூயி என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரப் படத்திலோ, எலி சமைத்த எளிய நாட்டுப்புறக் கறியை ஒரு வாய் உண்டதும் கடுமுகத் திறனாய்வாளர் தம் தாயின் அடுப்படிக்குச் சிறுவராகத் திரும்பிவிடுகின்றார். எழுதுகோல் கையினின்று நழுவுகின்றது. இவ்விரண்டிலும் நிகழ்வது ஒன்றே. நடுவரும் திறனாய்வாளரும் உண்பவராக மாறுகின்றனர். போட்டி கரைகின்றது, பெருமிதத்தின் நான்காம் களனாகிய கொடை மேலெழுகின்றது, அவ்வழியாகவே நகையும் உள்ளே வருகின்றது. ஆகவே, பிறநாட்டுப் போட்டிப் படங்களும் தம் உச்சத்தில் நம் பந்திக்கே வந்து சேர்கின்றன என்கின்றோம். திறனாய்வுத் தொழில் செய்வார் அவ்வெழுதுகோல் நழுவும் காட்சியைச் சற்று நாணத்தோடுதான் காணவேண்டியிருக்கின்றது.

தமிழில் சமையற்போட்டியை நேரே பொருளாகக் கொண்டது நிலேஷ் கிருஷ்ணா இயக்கி, நயன்தாரா நடித்து, 2023 திசம்பரில் வெளிவந்த அன்னபூரணி. திருவரங்கத்தில் மடைப்பள்ளிப் பணி செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, புலால் சமைக்கவும் துணிந்து, பெருஞ் சமையற்கலைஞர் ஆவது கதை. வீட்டு அடுப்பு பெண்ணுக்கு, ஊர்ப்புகழ் ஆணுக்கு என்னும் நெடுநாட் பங்கீட்டை வினவியமை இப்படத்தின் சிறப்பு. காமேஸ்வரன் படம் தொடாத வினா அது. ஆயின் இதில் நகை அருகியே காணப்படும். கல்வி, தறுகண், இசைமை ஆகிய மூன்றும் முறுக்கேறி நிற்பதால் படம் பெருமிதத்திலேயே தொடங்கிப் பெருமிதத்திலேயே முடிகின்றது.

திரைக்கு வெளியே நிகழ்ந்ததும் நம் ஆராய்ச்சிக்கு உரியது. 2024 சனவரியில், சமய உணர்வைப் புண்படுத்துவதாக எழுந்த எதிர்ப்பினால், அப்படம் நெட்ஃபிளிக்ஸ் தளத்தினின்று நீக்கப்பட்டது. 1990-இல் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்தது; அரங்குகள் சிரித்தன. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் மடைப்பள்ளி மகள் இறைச்சி சமைத்தாள். பந்தி இலையை விட்டு எழுந்தது. காலம் மாறிவிட்டது, சகிப்புக் குறைந்துவிட்டது என்று மட்டும் கூறி இதனைக் கடந்துவிடுதல் எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் திறனாய்வு நோக்கில் மற்றொரு வேறுபாடும் புலனாகின்றது. முன்னையதில் மீன் தானே விழுந்தது. விழுந்ததற்காக நடுங்கியவன் சமையற்காரன். பார்ப்போர் அவன் நடுக்கத்தைக் கண்டு நகைத்தனர். பின்னையதில் தலைவி தானே தேர்ந்து செய்கின்றாள், நடுங்கவில்லை. மடன் மன்னிக்கப்படுகின்றது, தறுகண் மன்னிக்கப்படுவதில்லை. நகைச்சுவை சொல்ல இயன்றதைப் பெருமிதம் சொல்ல இயலவில்லை. இதனால் பெருமிதம் பேசாதிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஒரு படம் தன் பந்தியை எழவிடாமல் எத்துணைத் தொலைவு அழைத்துச் செல்லலாம் என்பதை அளக்க இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துக் காணல் வேண்டும். பந்தி எழுந்தமைக்காகச் சமைத்தவளையே குற்றவாளியாக்கியது முறையன்று என்பதும் ஈண்டுச் சொல்லியாகவேண்டும்.

மதுரையை மீண்டும் நினைப்பிப்பது மலையாளப் படம் ஒன்று. அஞ்சலி மேனன் எழுதி, அன்வர் ரஷீத் இயக்கி 2012-இல் வெளிவந்த உஸ்தாத் ஹோட்டல், கோழிக்கோட்டுக் கடற்கரை உணவுக்கடையின் கதை. வெளிநாட்டில் சமையற்கலை பயின்று, இலண்டன் போகத் துடிக்கும் பேரனைத் திலகன் நடித்த பாட்டனார் மதுரைக்கு அனுப்பிவைக்கின்றார். அங்கே அவன் காண்பது நட்சத்திர விடுதிப் பணியை விட்டு, கைவிடப்பட்டோர்க்குச் சோறிடும் ஒருவரை. மதுரையில் அத்தொண்டு புரிந்த நாராயணன் கிருஷ்ணனை முன்மாதிரியாகக் கொண்டமைந்த அப்பாத்திரத்தில் செயப்பிரகாஷ் நடித்தார். படத்தின் முற்பகுதி முழுதும் விளையாட்டும் சிரிப்புமாக ஓடி, மதுரைக்கு வந்ததும் குரல் தாழ்கின்றது. அத்தாழ்வு சிறிது திடீரென நேர்ந்தது என்பது உண்மை. உருக்கத்தை இயக்குநர் இன்னும் அடக்கியிருக்கலாம். ஆயினும் கதை ஏன் மதுரைக்கு வரவேண்டியிருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. குண்டோதரன் ஊரல்லவா! சோறு தீர்ந்தபின்னும் பசி தீராத ஒருவனை முன்னிறுத்தி, ஆக்கியவர் பெருமிதத்தை அடக்கும் கதை இம்மண்ணில் முன்னரே சொல்லப்பட்டாயிற்று. இச்சமவெளியில் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவில் பிரியாணியே திருவமுதாக வழங்கப்படுகின்றது. ஊரூராக உணவகம் நடத்தும் தொழிலினர் அதற்கெனவே ஊர் திரும்புகின்றனர். அண்டாக்கள் பல. ஆயினும் எந்த அண்டா வென்றது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இவ்வளவும் ஆண் சமையற்காரரைப் பற்றியே கூறினோம். அன்னபூரணி ஒன்றே விலக்கு. சங்க இலக்கியத்திலோ சமையல் பற்றிய மிக மென்மையான நகைக்காட்சி பெண்ணொருத்தியுடையது. குறுந்தொகை 167-ஆம் பாடலில் கூடலூர்கிழார் காட்டும் புதுமணப்பெண், கட்டித்தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். அதனைக் கழுவாமலே உடுத்திருக்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் மகிழ்ந்தது, அதுவும் நுண்ணிதாகவே. கறை படிந்த ஆடை, கலங்கிய கண், ஒரே ஒரு சொல்லில் அமைந்த தீர்ப்பு என அட்டில் நகைச்சுவைக்கு வேண்டிய கருவிகள் யாவும் இதில் உள்ளன. இதனைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவள் செவிலி. அவள் சிரித்துக்கொண்டே உரைத்தாளா என்பது பாட்டில் இல்லை. சிரித்துக்கொண்டே உரைத்ததாகத்தான் நாம் கொள்கின்றோம்.